தியானம் செய்கிறேன் என்று ஆய்வேட்டில் எழுதலாமா?

ஜெயநகர்_வாசகி

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், பொறுமையாகப் படித்துவிட்டுச் சொல்லுங்கள். பெங்களூரில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன், இது 4-ஆவது வருஷம். காரைக்கால் அம்மையாரையும் கன்னட சிவபக்திக் கவி அக்கமகாதேவியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிற ஆய்வு, தமிழில்தான் எழுதுகிறேன். அம்மையார் 6-ஆம் நூற்றாண்டை ஒட்டியவர். அக்கா 12-ஆம் நூற்றாண்டு, சிவமொக்கா பக்கம் உடுதடி. ஒருவர் தன்னைக் ‘காரைக்கால் பேய்’ என்று சொல்லிக்கொண்டார், இன்னொருவர் கட்டிய துணியையும் விட்டுவிட்டுத் தலைமுடியைப் போர்த்திக்கொண்டு கல்யாண நகரத்துக்கு நடந்தார் என்கிறார்கள். எங்கள் தெருவில் இருக்கும் ஒரு கன்னடப் பாட்டிதான் எனக்கு அக்காவின் வசனங்களை, அதாவது அவருடைய கன்னடப் பாட்டுகளை, முதலில் சொல்லிக் கொடுத்தார். சாயங்காலம் அவரை வீட்டு வாசல் திண்ணையில் உட்கார்த்தி, ‘சென்னமல்லிகார்ஜுனா’ என்று ஒவ்வொரு வசனமும் முடிகிற இடத்தில் அவர் குரல் இறங்குவதைக் கேட்டுக் கேட்டுத்தான் இந்தத் தலைப்பே எனக்கு வந்தது.

அப்புறம், 6 வருஷமாக விபாசனா என்ற பௌத்த தியானம் செய்கிறேன். தும்கூர் ரோடு மையத்தில் 10 நாள் முகாமுக்குப் போனபோது முதல் நாளே போன், புத்தகம், பேனா எல்லாவற்றையும் வாங்கி வைத்துவிட்டார்கள். கையில் பேனா இல்லாமல் அத்தனை நாள் இருந்தது எனக்கு அதுதான் முதல் தடவை. திரும்பி வந்ததிலிருந்து தினமும் விடியற்காலையில் ஒரு மணி நேரம் உட்காருகிறேன்.

பிரச்சினை இதுதான். போன மாசம் ஒரு நாள் காலையில் உட்கார்ந்து எழுந்த கையோடு அம்மையாரின் திருவாலங்காட்டு மூத்த திருப்பதிகத்தை எடுத்துப் படித்தேன். ‘கொங்கை திரங்கி நரம்பெழுந்து’ என்று அந்தப் பெண்பேயின் உடம்பை வரிசையாகச் சொல்லிக்கொண்டே போகிறாரே, அதைப் படிக்கும்போது சதிபட்டான சுத்தம் என்ற பௌத்த தியான உரையில் சுடுகாட்டுப் பிணத்தை 9 நிலைகளில் கவனிக்கச் சொல்லும் பகுதி அப்படியே மனசில் வந்து நின்றது. இதுவும் அதே மாதிரி ஒரு தியானம்தான், அம்மையார் சுடுகாட்டில் உட்கார்ந்து உடம்பைக் கவனித்திருக்கிறார் என்று பட்டது. கை நடுங்க ஒன்றரைப் பக்கம் எழுதினேன். நெறியாளர் அந்தப் பத்தியைப் பென்சிலால் வட்டம் போட்டு ஓரத்தில் ஒரே ஒரு சொல் எழுதியிருந்தார்: ‘ஆதாரம்?’

நேரில் போனபோது, ‘நீ கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது உனக்குத் தோன்றியதை அம்மையார் தலையில் கட்டாதே, வாய்மொழித் தேர்வில் கிழித்துவிடுவார்கள்’ என்றார். கோபமாகச் சொல்லவில்லை, அக்கறையாகத்தான் சொன்னார். ஆனால் இரண்டு நாள் எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை. தியானம் செய்கிற தோழிகளிடம் சொன்னால் அவர்கள் வேறு மாதிரி: ‘அம்மையார் என்ன பட்டமா வாங்கினார், படிப்பெல்லாம் மூளை வேலை, அதை விடு’ என்கிறார்கள். இரண்டு பக்கமும் என்னில் பாதியை வெளியே கழற்றி வைத்துவிட்டு உள்ளே வா என்றுதான் சொல்கிறார்கள்.

படிப்பையும் பயிற்சியையும் சேர்த்தே செய்த பெண்கள் முன்னாலேயே இருந்திருக்கிறார்களா? அவர்கள் எப்படி எழுதினார்கள்? நான் தியானம் செய்கிறவள் என்று ஆய்வேட்டில் சொல்லலாமா, கூடாதா?

தேன்மொழி_கே

வாசகி, உங்கள் பதிவைப் பேருந்தில் படித்தேன், வீட்டுக்கு வந்து உட்கார்ந்து பதில் எழுதுகிறேன். டெல்லியில் வரலாறு படித்துவிட்டு இப்போது பெங்களூரில் ஒரு கல்லூரியில் பாடம் எடுக்கிறேன், இதே கேள்வியோடு ரொம்ப வருஷம் அலைந்திருக்கிறேன்.

இருந்திருக்கிறார்கள், நிறையப் பேர். முதலில் ரீட்டா கிராஸ் (1943–2015). அமெரிக்காவில் ஒப்பீட்டுச் சமயம் கற்பித்த பேராசிரியர், பெண்ணியவாதி, திபெத்திய பௌத்தத்தைத் தீவிரமாகப் பயின்றவர். பௌத்தத்தைப் பெண்ணிய நோக்கில் மறுபடி வாசித்து அவர் எழுதிய புத்தகம் 1993-இல் வந்தது. அதில் அவர் என்ன செய்தார் என்பது உங்களுக்கு நேரடியாக உதவும்: நான் எங்கே நின்றுகொண்டு பேசுகிறேன், சமய அனுபவத்துக்கும் சமய ஆய்வுக்கும் என்ன உறவு என்பதையெல்லாம் ஒளிக்காமல், புத்தகத்தின் கடைசியில் இரண்டு பின்னிணைப்புகளாகத் தனியாக விவாதித்தார். வரலாற்றுப் பகுதியில் வரலாற்றின் விதிப்படி வாதம் செய்தார். தன்னை மறைக்கவும் இல்லை, தன்னைச் சாட்சியாகக் கூண்டில் ஏற்றவும் இல்லை.

இன்னொருவர் லிலியன் சில்பர்ன் (1908–1993). பிரான்ஸ்காரர், சமஸ்கிருத அறிஞர். காஷ்மீர் சைவ நூல்களை வெறும் ஏட்டுப் படிப்பாகப் படிக்க மனசு வராமல் ஸ்ரீநகர் போய் சுவாமி லக்ஷ்மண்ஜூவிடம் உட்கார்ந்து படித்தார். விஞ்ஞானபைரவம் என்ற தியான நூலை அவர் பிரெஞ்சில் மொழிபெயர்த்தது 1961-இல் வந்தது. அவருக்கு அப்புறம் அதே குருவிடம் வந்த பெட்டினா போய்மர் ஆஸ்திரியாவில் பிறந்தவர், காசியில் தங்கி அதே வழியில் நூல்களைப் பதிப்பித்தார். நூலில் ஒரு சொல் புரியாதபோது அகராதியைப் பார்ப்பது ஒரு வழி, அந்தச் சொல் சொல்கிற காரியத்தைச் செய்து பார்ப்பது இன்னொரு வழி. இவர்கள் இரண்டையும் செய்தார்கள்.

நம் கர்நாடகத்திலேயே திபெத்தியர்கள் குடியிருக்கிற முண்டகோடு இருக்கிறது. அங்கே 2016 டிசம்பரில் 20 பிக்குணிகளுக்கு முதல்முறையாக கெஷேமா பட்டம் கொடுத்தார்கள், திபெத்திய மரபில் முனைவர் பட்டத்துக்கு ஈடானது. பல வருஷப் படிப்பு, அப்புறம் 4 வருஷத் தேர்வு, எதிரில் நிற்பவர் கையைத் தட்டிக் கேள்வி கேட்க உட்கார்ந்தபடி பதில் சொல்லித் தர்க்கம் செய்ய வேண்டும். பெண்களுக்கு ரொம்பக் காலம் கிடைக்காமல் இருந்தது தியானம் இல்லை, இந்தத் தர்க்கப் படிப்பும் பட்டமும்தான். ‘படிப்பை விடு’ என்று சொல்கிற தோழிகளிடம் இதைச் சொல்லுங்கள். குகையில் உட்கார யாரும் அவர்களைத் தடுக்கவில்லை, வாதம் செய்கிற முற்றத்தில்தான் இடம் கேட்டு வாங்க வேண்டியிருந்தது.

நம் பக்கத்துப் பெண்களைப் பற்றிய ஆய்வில் முன்னோடி விஜயா ராமசாமி. டெல்லி ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் வரலாற்றுப் பேராசிரியராக இருந்தவர், 2020-இல் காலமானார். தென்னிந்தியப் பெண்களின் ஆன்மிகத்தையும் சமூகத்தையும் ஒன்றாக வைத்து அவர் எழுதிய நூல் 1997-இல் சிம்லா உயராய்வு நிறுவனம் போட்டது, அதற்கு முந்தின வருஷம் வீரசைவப் பெண்களைப் பற்றித் தனியாக ஒன்று. உங்கள் இரண்டு பெண்களுமே அவருடைய பெண்கள். அவரைப் படிக்காமல் அடுத்த இயலுக்குப் போகாதீர்கள்.

சொந்தக் கதை ஒன்று சொல்லி முடித்துக்கொள்கிறேன். சின்ன வயசிலிருந்து விநாயகர் அகவல் சொல்வேன். ‘மூலாதாரத்தின் மூண்டெழு கனலைக் காலால் எழுப்பும் கருத்தறிவித்து’ என்ற இடம் வரும்போதெல்லாம் பிள்ளையார் காலால் நெருப்பைத் தட்டி எழுப்புகிறார் என்றே நினைத்திருந்தேன், 20 வயசு வரைக்கும். கல்லூரியில் ஒரு ஆசிரியை சொன்னார், இங்கே கால் என்றால் காற்று, மூச்சு என்று. பழைய தமிழில் அந்தப் பொருள் சாதாரணம். அன்றைக்கு ராத்திரி அகவலைச் சொல்லும்போது அந்த வரியில் என் மூச்சை நான் கவனித்தேன், அதுவரை 15 வருஷம் சொல்லியும் கவனித்ததில்லை. படிப்பு இல்லாமல் என் பயிற்சி காலைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கும். பயிற்சி இல்லாமல் அந்தச் சொல்லும் அகராதியிலேயே கிடந்திருக்கும்.

உங்கள் நெறியாளர் எழுதிய சொல்லைத் திரும்பப் பாருங்கள். சான்றும் ஆதாரம்தான், அகவலில் கனல் எழுகிற இடமும் ஆதாரம்தான். தமிழ் இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்திருக்கிறது.

ஈரோட்டான்

தோழி, எனக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது, சமூகவியல் ஆள். அதனால் உங்களுக்குப் பிடிக்காத இரண்டு விஷயம் சொல்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஒன்று, உங்கள் நெறியாளர் கேட்டது சரியான கேள்வி. நினியன் ஸ்மார்ட் என்பவர் சமய ஆய்வுக்கு ஒரு நடைமுறை சொன்னார்: கடவுள் உண்டா இல்லையா என்ற தீர்ப்பை ஆய்வாளர் ஒத்தி வைத்துவிட்டு, நம்புகிறவருக்கு அது எப்படி இருக்கிறது என்பதை உள்ளே போய்ப் புரிந்துகொள்ள வேண்டும். நம்பாத எனக்கு அது எவ்வளவு கட்டுப்பாடோ, நம்புகிற உங்களுக்கும் அவ்வளவு கட்டுப்பாடு. உங்களுக்குக் காலையில் தோன்றியது பொய் என்று நான் சொல்லவில்லை. அது உங்களைப் பற்றிய செய்தி, அம்மையாரைப் பற்றிய செய்தியாக இன்னும் ஆகவில்லை.

ஆகிறதா என்று பார்க்கலாம். நானும் பதிகத்தை எடுத்துப் பார்த்தேன். பௌத்தச் சுடுகாட்டுத் தியானத்தில் பிணம் வீங்குகிறது, காக்கை கொத்துகிறது, எலும்பாகிறது, கடைசியில் பொடியாகிறது. ஒவ்வொரு நிலையிலும் ‘என் உடம்பும் இப்படித்தான்’ என்று நினைக்கச் சொல்கிறார்கள். போய்ச் சேரும் இடம் பற்றின்மை. அம்மையார் பதிகத்தில் பேய் உயிரோடு இருக்கிறது, அலறுகிறது. அப்புறம் ‘துத்தம் கைக்கிள்ளை விளரி தாரம்’ என்று தொடங்குகிற ஒரு பாட்டு வருகிறது பாருங்கள், அதில் முதலில் சுரங்களின் பழைய தமிழ்ப் பெயர்கள், அடுத்து சச்சரி, கொக்கரை, தக்கை, துந்துபி, வீணை, மத்தளம், குடமுழா என்று பத்துக்கும் மேற்பட்ட வாத்தியங்கள். பற்று அறுப்பதற்காக உட்கார்ந்தவருக்கு இவ்வளவு கச்சேரி எதற்கு? உடம்பு அழிவதைப் பார்க்கிற பாட்டு என்று நீங்கள் எழுதினால் இந்தப் பாட்டை என்ன செய்வீர்கள்?

அப்புறம் மாம்பழக் கதை, புருஷன் பரமதத்தன், தலையால் நடந்து கயிலை போனது, இது எதுவும் அம்மையார் சொந்தப் பாட்டில் இல்லை. அந்தாதி 101, இரட்டை மணிமாலை 20, பதிகம் இரண்டும் சேர்ந்து 22, மொத்தம் 143 பாட்டிலும் புருஷனைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. எல்லாம் 12-ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் சொல்வது. அமெரிக்க ஆய்வாளர் கேரன் பெச்சிலிஸ் 2012-இல் வந்த நூலில் இந்த இரண்டு குரலையும் தனித்தனியாகப் பிரித்துக் காட்டியிருக்கிறார். அக்காவுக்கும் இதே கதைதான், வீரசைவ ஞானி அல்லமர் அவரைக் கேள்வி கேட்டு மடக்குகிற காட்சி சூன்ய சம்பாதனை என்ற கன்னட நூலில் இருக்கிறது, அது தொகுக்கப்பட்டது அக்காவுக்குச் சில நூற்றாண்டுகள் கழித்து. உங்கள் தியானத்தில் எந்த அம்மையார் வந்தார், பாட்டு எழுதியவரா, சேக்கிழார் எழுதியவரா?

இரண்டாவது விஷயம் எனக்கு முக்கியமானது. விடியற்காலையில் ஒரு மணி நேரம் யாரும் தொந்தரவு செய்யாமல் கண்ணை மூடி உட்கார முடிந்தவர்கள் மட்டும்தான் பயிற்சி செய்தவர்களா? அக்கா காலத்திலேயே ஆய்தக்கி லக்கம்மா என்று ஒருவர் இருந்தார். கீழே சிந்திக் கிடக்கிற அரிசியைப் பொறுக்குவது அவர் குடும்பத்துக் காயகம், அதாவது வழிபாடாகச் செய்கிற தொழில். புருஷன் ஒரு நாள் தேவைக்கு மேல் அரிசி பொறுக்கிக்கொண்டு வந்தபோது, இந்தப் பேராசை நமக்கு எதற்கு, திரும்பக் கொண்டுபோய்ப் போடு என்று சொன்னார் என்கிறது மரபு. சத்யக்கா தெருக்கூட்டியவர் என்கிறார்கள், அவர் பேரிலும் வசனங்கள் இருக்கின்றன. இவர்களுடைய தியானம் எது? அரிசி பொறுக்குகிற கையில் இருந்ததா இல்லையா? பயிற்சி என்ற சொல்லுக்கு நீங்கள் கொண்டுவரும் பொருள் எங்கிருந்து வந்தது என்பதையும் ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். நம்பாதவனுக்கும் இந்தப் பெண்கள் ரொம்ப முக்கியம், அதனால்தான் இவ்வளவு எழுதுகிறேன்.

ஜெயநகர்_வாசகி

இரண்டு பேருக்கும் நன்றி. ஈரோட்டான் சார், உங்கள் பதிவைப் படித்ததும் சுருக்கென்று இருந்தது, ஆனால் நேராக என் குறிப்பு நோட்டை எடுத்துப் பார்த்தேன். ‘துத்தம் கைக்கிள்ளை’ பாட்டுக்கு எதிரில் நான் எழுதி வைத்திருப்பது இவ்வளவுதான்: ‘இசைக்கருவிகள் பட்டியல்’. அந்த வாத்தியங்களில் பாதி என்னவென்றே எனக்குத் தெரியாது, அதனால் தாண்டிப் போயிருக்கிறேன். எனக்குப் பிடித்த பாட்டை மட்டும் வைத்துக்கொண்டு ஒன்றரைப் பக்கம் எழுதியிருக்கிறேன். இது ஆய்வாகவும் சரியில்லை, தியானத்தில் நான் கற்றுக்கொண்டதாகச் சொல்கிற கவனமாகவும் இல்லை.

ஆனால் ஒன்று. அந்தக் காலையில் எனக்கு உடம்பில் ஏதோ நடந்தது உண்மை. அதை வெறும் கற்பனை என்று தூக்கிப் போட என்னால் முடியவில்லை.

மேரி_டீச்சர்

தூக்கிப் போட வேண்டாம் மகளே. ஃப்ரேசர் டவுனில் 30 வருஷம் பள்ளிக்கூட டீச்சராக இருந்துவிட்டு, ஓய்வு பெற்ற பிறகு இறையியல் படித்தவள் நான், உன் நிலைமை எனக்கு நன்றாகத் தெரியும்.

அவிலா புனித தெரேசாவைப் பற்றிச் சொல்கிறேன். 16-ஆம் நூற்றாண்டு ஸ்பெயின். ஜெபத்தில் அவருக்கு நடந்ததையெல்லாம் எழுதிக் கொடு, நாங்கள் சோதித்துப் பார்க்கிறோம் என்று அவருடைய ஆன்ம குருக்கள் கேட்டார்கள். தப்பாக எதையாவது எழுதிவிட்டால் விசாரணை மன்றம் என்று பயப்பட வேண்டிய காலம் அது. தன்வரலாற்றில் அவர் எழுதுகிறார்: அரைகுறையாகப் படித்த குருக்களால் தனக்கு நிறையக் கெடுதல் நடந்தது, நன்றாகப் படித்தவர்கள் யாரும் தன்னைத் தவறான வழியில் விட்டதில்லை என்று. ஜெபப் பழக்கம் இல்லாவிட்டாலும் படித்தவரிடம் கேட்பது நல்லது என்று நினைத்த ஞானி அவர். தன் அனுபவத்தைப் படித்தவர்கள் கையில் கொடுத்துச் சோதிக்கச் சொன்னதால் அனுபவம் ஒன்றும் கரைந்து போகவில்லை. 1970-இல் திருச்சபை அவரை மறைவல்லுநர் என்று அறிவித்தது, அந்தப் பட்டம் ஒரு பெண்ணுக்குக் கிடைத்தது அதுதான் முதல் தடவை. சியென்னா கத்தரீனாவுக்கு அடுத்த வாரமே கொடுத்தார்கள்.

நம் நாட்டிலேயே சாரா கிராண்ட் சிஸ்டர் இருந்தார். பிரிட்டன்காரர், மும்பை சோபியா கல்லூரியில் தத்துவம் கற்பித்தவர், சங்கரரின் அத்வைதத்தை ஆய்வு செய்தவர், அப்புறம் புனேயில் ஆசிரமத்தில் இருந்தார். 1989-இல் கேம்பிரிட்ஜில் ஆற்றிய உரைகளில் தான் ஒரு அத்வைதக் கிறிஸ்தவர் என்று வெளிப்படையாகச் சொன்னார். ஆனால் கவனி, சங்கரரைப் பற்றிய ஆய்வை முதலில் தனியாக, சமஸ்கிருத மூலத்தோடு, யாரும் குறை சொல்ல முடியாதபடி செய்துவிட்டு, பல வருஷம் கழித்துத்தான் தன் அகவாழ்க்கையைப் பேசினார். எல்லாவற்றையும் ஒரே ஆய்வேட்டில் சொல்லிவிட வேண்டும் என்று அவசரப்படாதே.

நான் செய்வதைச் சொல்கிறேன். இரண்டு நோட்டு வைத்திருக்கிறேன். ஒன்றில் ஜெபத்தில் என்ன நடந்தது என்று தேதி போட்டு எழுதுவேன், நல்லது கெட்டது எல்லாம், தூங்கிப் போனால் அதையும். இன்னொன்றில் படிப்பு. மாசத்துக்கு ஒரு தடவை இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பேன். முதல் நோட்டில் இருப்பதில் எது இரண்டாவது நோட்டில் ஒரு கேள்வியாக மாறுகிறதோ அதை மட்டும் எடுத்துக்கொள்வேன்.

அல்சூர்_சரோஜா

நான் படித்தவள் இல்லை கண்ணு, 10-ஆவதோடு நின்றுவிட்டது. பாக்டரியில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனேன். எங்கள் பேத்தி இந்தப் பக்கத்தைக் காட்டினாள், நான் சொல்லச் சொல்ல அவள்தான் தட்டச்சு செய்கிறாள். சின்ன வயசில் அல்சூர் கோயிலுக்கு வந்த ஒரு ஓதுவாரிடம் தேவாரம் கற்றுக்கொண்டேன், 50 வருஷத்துக்கு மேல் ஓதுகிறேன். நீங்கள் எல்லாரும் அந்தப் பாட்டைப் படித்தேன், படித்தேன் என்கிறீர்கள். அது படிக்கிற பாட்டு இல்லை. அந்தப் பதிகத்துக்குப் பண் நட்டபாடை. ‘தோடுடைய செவியன்’ பாடுகிறோமே, அதே பண்தான். இப்போது கம்பீர நாட்டையில் பாடுவோம். இரண்டாவது பதிகம் இந்தளம்.

வாத்தியப் பாட்டைப் பற்றிப் பேசினீர்கள். அதைப் பாடினால் என்ன ஆகும் என்று சொல்கிறேன். ‘சச்சரி கொக்கரை தக்கை யோடு’ என்னும்போதே நாக்கு மேல் அண்ணத்தில் தட்ட ஆரம்பித்துவிடும், மிருதங்கம் வாசிக்கிற மாதிரி. ‘தகுணிதம் துந்துபி தாளம் வீணை’, ‘மத்தளம் கரடிகை’, ஒன்றன்மேல் ஒன்று வந்து விழும். மூச்சு விட இடம் கிடைக்காது. ‘தமருகம் குடமுழா மொந்தை வாசித்து’ என்று வந்தாலும் அங்கேயும் நிறுத்த முடியாது, ‘அத்தனை விரவினோடு ஆடும்’ என்று ஓட வேண்டும். நெஞ்சில் காற்றே இல்லை என்கிற இடத்தில் ‘எங்கள் அப்பன்’ என்று வரும். அந்த இடத்தில்தான் மூச்சு வாங்குவோம். எங்கள் ஓதுவார் சொல்லித் தந்தது அப்படித்தான், அப்பன் வரும் வரைக்கும் விடாதே என்பார்.

எனக்குத் தியானம் தெரியாது. பாக்டரியில் மிஷின் ஓடும்போதும் இதை மனசுக்குள் ஓதிக்கொண்டே இருப்பேன், கை தன் வேலையைச் செய்யும். என் வீட்டுக்காரர் தவறியபோது, சுடுகாட்டுக்குப் பெண்கள் போகக் கூடாது என்று வீட்டில் நிறுத்திவிட்டார்கள். அன்றைக்கு ராத்திரி முழுக்க இந்தப் பதிகத்தைத்தான் ஓதினேன். காரைக்கால் அம்மா அங்கே உட்கார்ந்திருக்கிறாள், நான் போகாவிட்டால் என்ன என்று இருந்தது.

உனக்கு அன்றைக்கு உடம்பில் என்னமோ நடந்தது என்கிறாயே, நடந்திருக்கும். பாட்டு அப்படிப்பட்டது. ஆனால் நீ அதை வாய் திறந்து பாடியிருக்கிறாயா?

தேன்மொழி_கே

சரோஜா அம்மா, படித்துக்கொண்டே எழுந்து நின்றுவிட்டேன்.

வாசகி, நீங்கள் தேடிய ஆதாரம் வந்துவிட்டது, கவனித்தீர்களா? அம்மா சொன்னதை இலக்கணமாகப் பாருங்கள். பாட்டின் முதல் பகுதியில் வருகிற ‘பாடி’, அப்புறம் ‘வாசித்து’, இரண்டும் வினையெச்சம். ‘ஆடும்’ பெயரெச்சம், அது போய் ‘அப்பன்’ என்ற பெயரில் விழுகிறது. அந்தப் பெயர் வருகிற வரைக்கும் எல்லாம் எச்சமாகவே தொங்குகிறது. ஓதுகிறவரின் நெஞ்சு கண்டுபிடித்த இடமும் இலக்கணம் காட்டுகிற இடமும் ஒன்றுதான். இதை நீங்கள் எழுதினால் எந்தத் தேர்வாளரும் ‘உனக்குத் தோன்றியது’ என்று சொல்ல முடியாது, பாட்டைத் திறந்து காட்டலாம். ஓதுகிறவர்களைச் சந்தித்து, எங்கே மூச்சு வாங்குகிறார்கள் என்று பதிவு செய்யலாம், அது களஆய்வு.

ஈரோட்டான்

இதற்கு என்னிடம் மறுப்பு இல்லை. வாத்தியங்கள் எதற்கு என்று நான் கேட்ட கேள்விக்கும் இது பதில்தான். ஒரே ஒரு எச்சரிக்கை: ஒரு ஓதுவாரின் பாடம் எல்லா இடத்துப் பாடமும் ஆகாது. திருவாலங்காட்டில், காரைக்காலில், வேறு ஊர்களில் எப்படிப் பாடுகிறார்கள் என்று கேளுங்கள், நான்கைந்து குரலாவது வேண்டும். சரோஜா அம்மா, சுடுகாட்டைப் பற்றி நீங்கள் சொன்ன இடத்தில் நான் கொஞ்ச நேரம் நிறுத்திவிட்டுத்தான் மேலே படித்தேன்.

ஜெயநகர்_வாசகி

அம்மா, பாடியதில்லை. 4 வருஷமாக இந்தப் பதிகத்தோடு இருக்கிறேன், ஒரு தடவைகூட வாய்விட்டுப் பாடியதில்லை. இன்றைக்குக் காலையில் உட்காருவதற்குப் பதில் ராகம் தெரியாமல் சும்மா சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன், ‘கரடிகை’யிலேயே மூச்சு போய்விட்டது, இரண்டாவது தடவையும் அங்கேயே.

அந்த ஒன்றரைப் பக்கத்தை எடுத்துவிட்டேன். சதிபட்டான ஒப்பீடு ஒரே ஒரு வாக்கியமாக இருக்கிறது, எங்கே பொருந்தவில்லை என்று சொல்வதற்காக. முன்னுரையில் ஒரு பத்தி சேர்க்கிறேன்: நான் தியானம் செய்கிறவள், அந்தப் பழக்கத்தால் இந்தப் பதிகத்தை முதலில் இன்ன மாதிரி தப்பாக வாசித்தேன், ஓதுகிற பெண் ஒருவர் திருத்தினார் என்று. மேரி டீச்சர், நோட்டு இன்னொன்று வாங்கிவிட்டேன். நெறியாளரிடம் போன் செய்து சொன்னேன், கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை, அப்புறம் ‘அந்த அம்மா பாடுவதைப் பதிவு செய்து எனக்கும் அனுப்பு’ என்றார்.

சரோஜா அம்மா, ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டுக்கு வரலாமா?

அல்சூர்_சரோஜா

வா கண்ணு. ஏரிக்கரையில் திருவள்ளுவர் சிலைகிட்ட வந்து பேத்திக்குப் போன் போடு, அவள் வந்து கூட்டிக்கொண்டு வருவாள். 5 மணிக்கு மேல் வா, அதற்கு முன்னால் தெருவில் சத்தம் ஜாஸ்தி. சாப்பிடாமல் வந்துவிடு. வயிறு நிறைய இருந்தால் ‘மத்தளம் கரடிகை’ தாண்ட முடியாது, பாடி முடித்துவிட்டுச் சேர்ந்து சாப்பிடலாம். உன் நெறியாளர் அம்மாவுக்கும் நேரம் இருந்தால் அழைத்துக்கொண்டு வா.